ஒரு கொத்துத் தவிடு

1974 ஆகஸ்ட் 11, ஞாயிறு

அம்மாவின் முந்தானை ஓரத்தில் தவிடு ஒட்டியிருந்தது. முதலில் தூசி என்று நினைத்தேன். தட்டிவிடப் போனபோது வாசனை வந்தது. எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் அரிசி கண்டு மூன்று மாதம் ஆகிறது. அரிசி இல்லாத வீட்டுக்குத் தவிடு எப்படி வந்தது என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அம்மா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு பீலியடிக்குத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள்.

இன்றைக்கு மரவள்ளி இலையை உப்புப் போட்டு வேகவைத்தோம். கூப்பன் மாவில் தட்டிய ஒரு சின்ன ரொட்டி தங்கச்சி பாக்கியத்துக்கு மட்டும். அவளுக்கு நாலு வயது. கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன. விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. அது நிரம்ப வெகுநேரம் ஆகிறது. அவளுக்கு அது விளையாட்டு. "இன்னொரு குழி போடுக்கா" என்கிறாள்.

இந்தக் கொப்பி என் கூடப் பிறந்தவளுடையது. நாங்கள் இரட்டை. அட்டையில் 'சு. சாந்தினி, ஒன்பதாம் வகுப்பு' என்று சாய்ந்த எழுத்தில் எழுதியிருக்கிறாள். ஹட்டன் டவுனில் இருக்கும் அத்தை பழைய துணிகளைக் கொடுத்தனுப்பியபோது இதுவும் மூட்டையில் இருந்தது. பின்பக்கம் நாற்பது தாள் வெறுமையாகக் கிடந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் கிடையாது. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. எழுதினால் வருகிறது.

ஆகஸ்ட் 12, திங்கள்

எட்டு ராத்தல்தான் தேயிலைக் கொழுந்து. காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டபோது வழக்கம்போல் கையைத் தூக்கினேன். கங்காணி, "பூங்காவனத்துக்கு ஆண்டவன் வாயி வைக்க மறந்துட்டான், கைய மட்டும் நீட்டமா வச்சுட்டான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க இன்னும் தெம்பு இருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஆகஸ்ட் 14, புதன்

அடுப்புக்கு மேலே இருக்கும் அட்டலில் விறகு எடுக்க ஏறினேன். விறகுக்குப் பின்னால் பழைய சின்ன பிஸ்கட் தகரம் ஒன்று, வாயில் துணி கட்டி. அவிழ்த்தால் தவிடு. பாதித் தகரம்.

அம்மா துரை பங்களா மாட்டுப் பட்டியில் சாணி அள்ளப் போகிறாள். மாட்டுக்கு வைக்கிற தவிட்டில் அகப்படும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து வருகிறாள் போலிருக்கிறது. பிடிபட்டால் வேலை போகும். நான் தகரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதை அவள் பார்த்துவிட்டாள்.

"பாக்கியத்துக்கு ரொட்டி தட்டலாமேம்மா" என்றேன்.

"அதுல கை வச்சே, கைய ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன்."

"பின்னே எதுக்கு?"

"ஒன் கூடப்பொறந்தவள வாங்கறதுக்கு."

அந்தக் கதை எனக்குத் தெரியும். தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. பிறகு நாங்கள். நான் முதலில் வந்தேன், அரை மணி கழித்து அவள். அவள் அழவில்லையாம், நீலம் பாரித்துக் கிடந்தாளாம். பிள்ளை தங்காத வீட்டில் செய்வதை அம்மாவும் செய்தாள். மூன்றாம் நாள் அவளை முறத்தில் கிடத்தி அத்தையிடம் விற்றாள். விலை ஒரு கொத்துத் தவிடு. அரிசி அளக்கிற சின்னக் குவளையால் ஒரு குவளை, அவ்வளவுதான். விற்ற பிள்ளை இந்த வீட்டுப் பிள்ளை இல்லை. எமன் தேடி வந்தாலும் ஏமாந்து போவான். முப்பது நாள் கழித்து அதே ஒரு கொத்துத் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். தவிட்டுக்கு விற்றதால் தவிடாயி என்று பேர் வைத்தார்கள்.

அத்தைக்குப் பிள்ளை இல்லை. முப்பதாம் நாள் அம்மா தவிட்டோடு போனபோது, "பல்லு மொளைக்கட்டும் அண்ணி" என்றாளாம். பல் முளைத்ததும், "மொட்ட போட்டுட்டுத் தாரேன்" என்றாளாம். அதற்குள் மாமா டவுனில் துணிக்கடை வைத்துவிட்டார். அங்கே போனதும் தவிடாயி சாந்தினி ஆகிவிட்டாள்.

"இந்தியாவுக்குக் கப்பல் செப்டம்பர் பதினெட்டு. அதுக்குள்ள கொத்து நெறஞ்சிரும்" என்றாள் அம்மா. "மொறையா குடுத்து மொறையா வாங்கிட்டுத்தான் கப்பல் ஏறுவேன்."

நான் துணியை மறுபடி கட்டி, இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

அப்பா பாஸ்போர்ட்டை எடுத்துத் துடைத்து வைத்தார். ஐந்து படம் ஒட்டியிருக்கிறது. அதில் இரண்டு நான்தான்.

மாமா இந்த நாட்டிலேயே இருக்கப் பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டார். கிடைத்துவிட்டது. அத்தை மகள் என்று சாந்தினிக்கும் சேர்த்துக் கிடைத்தது. அப்பா இந்தியாவுக்கு எழுதிப்போட்டார். அன்றைக்குக் கணக்கப்பிள்ளை தோட்டத்துப் பிறப்புப் பதிவைப் பார்த்து, பூங்காவனம், தவிடாயி என்று இரண்டு பேரையும் எழுதினார். ஒரு பேரை அடித்துவிடும்படி அப்பா சொன்னதற்கு அம்மா வாசலில் விழுந்து அழுதாளாம். போன வருஷம் படம் கேட்டார்கள். அத்தை அவளை அனுப்பவில்லை. அப்பா என்னையே இரண்டு தடவை உட்கார வைத்தார். இரண்டாம் தடவைக்குப் பக்கத்துக் காம்பராச் செவத்தாயி அக்காவின் ரவிக்கை. வகிடு மாற்றி எடுத்துக்கொண்டேன். ஸ்டூடியோக்காரர் பேர் கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை. அப்பாதான், "இது தவிடாயிங்க" என்றார்.

செவத்தாயி அக்கா இன்றைக்குப் படத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு மொகத்த ரெண்டா வித்திருக்காரே ஒங்கப்பன்! எங்க வீட்டுக்காரரு மொகத்த ஒரு தடவ கூட எவனும் கேக்க மாட்டேங்கறான்" என்றாள். அப்பாகூடச் சிரித்தார்.

தோட்டத்தை அரசாங்கம் எடுக்கப்போகிறது என்கிறார்கள். துரை சாமான்களைப் பெட்டியில் அடைக்கிறாராம். லயத்து வரிசையில் பாதி வீடு காலியாகிவிட்டது. போனவர்கள் விட்டுப்போன நாய்கள் எங்கள் வாசலுக்கு வருகின்றன. அவற்றுக்கு யார் போடுவது?

ஆகஸ்ட் 25, ஞாயிறு

கொத்து நிறைந்துவிட்டது. நானும் அம்மாவும் தகரத்தோடு டவுனுக்கு நடந்தோம். ஆறு மைல். அம்மா இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள்.

அத்தை வீடு கடைக்குப் பின்னால். சிமெண்டுத் தரை, ரேடியோ, சுவரில் சாந்தினி வெள்ளைச் சீருடையில் பரிசு வாங்குகிற படம். அத்தை எங்களைப் பார்த்ததும், "அய்யோ அண்ணி, எலும்பாப் போயிட்டீங்களே" என்று ஓடிவந்தாள். அவள் அழுதது நடிப்பில்லை.

அம்மா தகரத்தைத் தரையில் வைத்துத் துணியை அவிழ்த்தாள்.

"ஒன் பொருளக் கொண்டாந்துட்டேன் ரெங்கம்மா. எம் பொருளக் குடு."

அத்தை தகரத்துக்குள் பார்த்தாள். சிரிக்கப் பார்த்து, முடியாமல் நின்றாள்.

"பதினாறு வருசங் கழிச்சா அண்ணி?"

"நாள் தள்ளுனது நீ."

"இத அவகிட்ட எப்பிடிச் சொல்லுவேன்? நீ ஒரு கொத்துத் தவிட்டுக்கு வந்தவன்னா?"

"நான் சொல்லிக்கிறேன்."

அம்மா சொல்லவில்லை. சாந்தினி உள்ளேயிருந்து வந்து, "வாங்க அத்தை" என்றாள். அம்மாவை அவள் அப்படித்தான் கூப்பிடுகிறாள். அம்மா தகரத்தின் வாயில் துணியை மறுபடி கட்டினாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

சாந்தினி என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனாள். காலில் சப்பாத்துப் போட்டிருந்தாள். அவள் கன்னம் என் கன்னம்தான், உள்ளே நிரப்பி வைத்தது போல் இருந்தது. ஒரு துண்டு பாணில் ஜாம் தடவிக் கொடுத்தாள். நான் அதை மடித்து இடுப்பில் செருகினேன்.

"நீ தின்னு பூங்கா. கொண்டுபோக வேற தாரேன்."

தின்றேன். அவள் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினாள், உள்ளே கேட்காமல் இருக்க.

"எனக்கு எல்லாம் தெரியும். கண்ணாடி பாக்கறப்பத் தெரியாதா? நீ யாருகிட்டயும் சொல்லாத."

தலையாட்டினேன்.

"நான் வரமாட்டேன். டிசம்பர்ல எனக்குப் பரீட்சை இருக்கு. அங்க வந்தா எனக்கு யாரத் தெரியும்?"

எனக்கும்தான் அங்கே யாரையும் தெரியாது. சொல்லவில்லை.

"அந்தப் பேர வச்சு என்னைக் கூப்புட வேணாம்னு ஒங்கம்மாகிட்ட சொல்லு. என் சிநேகிதிங்க யாராச்சும் கேட்டா..." அவள் பாதியில் நிறுத்தினாள். "நீ கப்பல்ல போகப் பயப்படுறியா?"

"ம்."

"நானா இருந்தா செத்தே போயிருப்பேன்" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள்.

நாங்கள் கிளம்பும்போது அத்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "தவிடாயி செத்துட்டான்னு எழுதிக் குடுத்துட்டு நிம்மதியாப் போங்கண்ணி. வெறும் தாள்தானே. எம்மக இங்க உசுரோட நல்லாத்தானே இருக்கா" என்றாள். அம்மா கையை உருவிக்கொண்டாள்.

அத்தை ஒரு முழுப் பாண் கொடுத்தாள். அதை நான் தூக்கினேன். தகரத்தை அம்மா தூக்கினாள். வழி நெடுக இடுப்பில் பிள்ளையை வைத்திருப்பது போல வைத்திருந்தாள்.

ஆகஸ்ட் 26, திங்கள்

மழை. அம்மா வேலைக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

கணக்கப்பிள்ளை வந்தார். முதலாம் தேதியிலிருந்து செக்ரோல் வேலைப் பதிவில் எங்கள் பேர் இல்லை, கூப்பன் மாவும் இல்லை. பயணம் போகிறவர்களுக்கு அப்படித்தானாம். பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"இதுல அஞ்சு பேரு. போறது நாலு பேரு. ஒண்ணு அஞ்சாவது ஆளு வரணும், இல்ல செத்துப்போச்சுன்னு தாள் வரணும். தொறையில பேர் கூப்புட்டு எண்ணுவாங்க. ஆளும் இல்ல தாளும் இல்லன்னா குடும்பத்தோட திருப்பி விட்டுருவாங்க. இங்க திரும்பி வந்தா காம்பராவும் இருக்காது, சொல்லிட்டேன்."

ஒரு தாளைக் கொடுத்தார். "எழுதி கைநாட்டு வச்சுக் கொண்டாங்க. சீல் வச்சுத் தாரேன். இந்த மாசம் நான் வச்ச சீலெல்லாம் இதுக்குத்தான்."

அவர் போனதும் அப்பா, "பேப்பர்லதானே சாவுறா" என்றார்.

"எமன் கண்ணுல படக்கூடாதுன்னுதானே வித்தேன்" என்றாள் அம்மா. "எங்க இருக்கான்னு தெரியாமத்தானே இத்தன வருசம் விட்டு வச்சிருக்கான். இப்ப நானே பேரெழுதிக் கைநாட்டு வச்சு, இந்தா இருக்கான்னு காட்டிக் குடுக்கவா?"

"இந்தச் சின்னதப் பாருடி. இங்க கெடந்தா இது நெசமாவே செத்துரும்."

அம்மா பாக்கியத்தைப் பார்த்தாள். ஆனால் சம்மதிக்கவில்லை. அந்தத் தாள் சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

அம்மா என் பக்கம் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது? நான் விற்கப்படாதவள்.

ஆகஸ்ட் 31, சனி

அத்தை கொடுத்த பாண் வியாழனோடு தீர்ந்தது. காலையில் பாக்கியம் வாசலில் விழுந்துவிட்டாள். தூக்கினால் கண் திறக்கவில்லை. வாயில் தண்ணீர் விட்டேன், வழிந்தது. அம்மா பட்டியில், அப்பா விறகுக்கு. செவத்தாயி அக்கா வந்து தேய்த்துவிட்டாள். "வயித்துக்கு எதாச்சும் போடுடி, பாத்துக்கிட்டு நிக்கிறியே" என்றாள்.

நான் அட்டலில் ஏறினேன்.

தவிட்டைச் சலித்தேன். உப்புப் போட்டு, வெந்நீர் விட்டுப் பிசைந்தேன். அது ஒட்டவில்லை, உதிர்ந்தது. மரவள்ளிக் கிழங்குத் துண்டு ஒன்று இருந்தது. அதை மசித்துச் சேர்த்துத் தட்டினேன். நாலு ரொட்டி வந்தது. பாக்கியம் நாலையும் தின்றாள்.

தகரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

அம்மா தகரத்தைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நின்றேன். அடிக்கவில்லை. கழுவிய தகரத்துக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள்.

"அவளத் தின்னுட்டீங்களேடி" என்றாள்.

அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. பாக்கியம் இன்றைக்கு உட்கார்ந்தாள். குழி போடச் சொல்லிக் கேட்டாள்.

செப்டம்பர் 4, புதன்

சனிக்கிழமை நான் எழுதியது முழுக்க உண்மையில்லை. பாக்கியத்தால் ஒரு ரொட்டியும் இன்னொன்றில் பாதியும்தான் முடிந்தது. மிச்சத்தை நான் தின்றேன். அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்து தின்றேன். சூடாக இருந்தது.

இன்றைக்கு அப்பா சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து தாளை எடுத்தார். "நீயே எழுதிரு ஆயி. எனக்கும் தெரியாது, ஒங்கம்மாளுக்கும் தெரியாது, என்ன எழுதியிருக்குன்னு. அவகிட்ட பேரு எழுதலன்னு சொல்லிக்கலாம்" என்றார். அம்மா வெளியே கல்லில் உட்கார்ந்திருந்தாள், முதுகைக் காட்டிக்கொண்டு.

இறந்தவர் பேர் என்று போட்டுப் பக்கத்தில் கோடு போட்டிருந்தது. கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மை சொட்டிவிடும் என்று அப்பா சொன்னார்.

பூங்காவனம் என்று எழுதினேன்.

வயது பதினாறு. காரணம் காய்ச்சல். பசி என்று எழுதினால் சீல் வைக்க மாட்டார்களாம், செவத்தாயி அக்கா சொல்லியிருக்கிறாள். என் கையெழுத்து இன்றைக்கு நன்றாக வந்தது. அப்பா கீழே கட்டைவிரலை உருட்டினார். கணக்கப்பிள்ளை முன்னால் இதுபோல ஒரு கட்டு இருந்தது. அவர் எதையும் படிக்கவில்லை. கைநாட்டு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சீல் குத்தினார்.

எப்படியும் பாஸ்போர்ட்டில் இரண்டு முகமும் என் முகம்தான்.

திரும்பி வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "தவிடாயின்னு எழுதலம்மா" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "சத்தியமா?"

"ஒன்மேல சத்தியமா."

அம்மா என் தலையில் கையை வைத்தாள். மூன்று நாளுக்குப் பிறகு. வைத்த கையை எடுக்க நேரமானது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

நான் பொய் சொல்லவில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

செவத்தாயி அக்காவுக்கு அம்மி கொடுத்தாயிற்று. உரலை யாரும் கேட்கவில்லை. குத்த ஒன்றுமில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

ஹட்டன் ஸ்டேஷன். கோச்சி நிற்கும்போதே எல்லோரும் அழ ஆரம்பித்துவிட்டார்கள். போகிறவர்கள் ஜன்னலுக்கு உள்ளே, இருக்கிறவர்கள் வெளியே. ஒரு கிழவர் பெட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை, விரல் விரலாகப் பிரித்தார்கள்.

அத்தையும் சாந்தினியும் வந்தார்கள். அவள் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்திருந்தாள், வெள்ளைச் சீருடை. அத்தை அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள், எங்கே ஏறிவிடுவாளோ என்பது போல.

சாந்தினி ஜன்னலுக்குக் கிட்ட வந்து, "போயிட்டு வாங்க அத்தை" என்றாள். அம்மா கையை வெளியே நீட்டி அவள் கன்னம் இரண்டையும் வழித்து, தன் நெற்றிப் பொட்டில் வைத்து நெட்டி முறித்தாள். எல்லா விரலும் சத்தம் போட்டன. "நல்லாருப்ப. ஒனக்கு ஒண்ணும் வராது. நான் எதுவும் எழுத விடல" என்றாள். சாந்தினிக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தாள்.

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்து, உன் கொப்பியில் இன்னும் பத்துத் தாள் மிச்சம் இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். கோச்சி நகர்ந்துவிட்டது.

செப்டம்பர் 18, புதன்

கப்பலில் உட்கார்ந்து எழுதுகிறேன். பாக்கியம் மடியில் தூங்குகிறாள்.

தலைமன்னார் துறையில் வெயில் மணலிலிருந்து எழும்பி அடித்தது. மலையில் இப்படி வெயில் கிடையாது. கயிறு கட்டிய வாசலுக்கு இந்தப் பக்கம் குடும்பம் குடும்பமாக நிற்க வைத்தார்கள். மேசையில் இருந்தவர் எங்கள் பாஸ்போர்ட்டைத் திறந்து, உள்ளே இருந்த தாளைப் படித்தார். சிவப்புப் பென்சிலால் ஒரு படத்தின் குறுக்கே கோடு போட்டார். எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அப்பா பேரைக் கூப்பிட்டார். அப்பா போனார். அம்மா பேரைக் கூப்பிட்டார். அம்மா இரண்டடி வைத்தாள்.

"தவிடாயி."

அப்பா மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. சட்டென்று திரும்பி, கயிற்றுக்கு வெளியே, நாங்கள் வந்த பாதையைப் பார்த்தாள். கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடினாள். அம்மாவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"தவிடாயி இருக்கா இல்லையா?" என்று அவர் இரண்டாம் முறை சத்தமாகக் கேட்டார்.

நான் கையைத் தூக்கவில்லை. பாக்கியத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "இருக்கேன் ஐயா" என்று சொல்லி, அம்மாவைத் தாண்டி மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.